மியூட்டில் ஒரு சனிக்கிழமை

விழுப்புரம் சந்திப்பு. சனிக்கிழமை. காலை ஆறு மணி தாண்டியிருக்கிறது. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து திசைக்கும் தண்டவாளம் பிரிகிற இடம். ஒலிபெருக்கி தமிழில் ஒருமுறை, இந்தியில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை அறிவிக்கிறது. நடைமேடையில் யாரும் தலை நிமிர்வதில்லை. எல்லோர் கையிலும் செல்போன். சீசன் டிக்கெட்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி விழுகிறது: 'வளவனூர் தாண்டியாச்சு. மூணாவது பெட்டி காலி.'

கூட்டம் மூன்றாவது பெட்டி நிற்கும் இடத்துக்கு நகர்கிறது.

தூணோரம் நீலப்பை மாட்டிய இளைஞர். பையில் ஏதோ ஒரு மென்பொருள் மாநாட்டின் சின்னம். துவைத்துத் துவைத்து வெளுத்திருக்கிறது. ஒரு கையில் டீ, மறு கையில் போன். திரையில் அழைப்பிதழ். அலுவலகங்களில் ஆட்கள் கூடி வேலை செய்யும் மென்பொருள்களைப் பராமரிப்பவர்களின் கூட்டம். டீம்ஸ், ஷேர்பாயின்ட், ஸ்லாக், கிளிக் என்று நான்கு பெயர்கள் வரிசையாக. இடம் சென்னை. நேரம் காலை 10. ஆன்லைனிலும் சேரலாம். நிகழ்ச்சி நிரலில் மூன்றாவது பெயரை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறார். அவருடைய பெயர். பேச 20 நிமிடம்.

இந்தத் தொழிலில் கூடுவதற்குச் சனிக்கிழமைதான் நாள். 2009ல் அமெரிக்காவில் 'ஷேர்பாயின்ட் சாட்டர்டே' என்று தொடங்கிய வழக்கம் ஊர் ஊராகப் பரவியது. நுழைவு இலவசம். பேசுகிறவருக்குக் காசு கிடையாது. மதியச் சாப்பாட்டை யாராவது ஒரு நிறுவனம் ஏற்றுக்கொள்ளும்.

எழும்பூர் வண்டி வந்து நிற்கிறது. நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாக ஒரு கைக்குட்டை உள்ளே போய் இருக்கையில் விழுகிறது. பின்னால் ஒரு துண்டு. பின்னால் ஒரு குடை. உரிமையாளர்கள் வாசல் வழியாகச் சுற்றி வருகிறார்கள். சண்டை இல்லை. கைக்குட்டை கிடக்கும் இடத்தில் யாரும் உட்காருவதில்லை.

*

முண்டியம்பாக்கம். சர்க்கரை ஆலையின் புகைபோக்கி ஜன்னலைக் கடக்கிறது.

எட்டுப் பேர் அமரும் தடுப்புக்கு ஒரே செய்தித்தாள். வாங்கியவர் அதைத் தாள் தாளாகப் பிரிக்கிறார். தலைப்புச் செய்தி ஒருவருக்கு, விளையாட்டு ஒருவருக்கு, சினிமா எதிர் ஜன்னலுக்கு. விக்கிரவாண்டி வருவதற்குள் தாள்கள் கை மாறுகின்றன. பேரணி தாண்டியதும் இன்னொரு சுற்று.

நீலப்பை இளைஞர் மடிக்கணினியைத் திறந்து ஸ்லைடுகளைச் சரிபார்க்கிறார். தலைப்பு: 'பாதுகாப்பாகப் பகிர்வது எப்படி?' எதிர் இருக்கைக்காரர் ஹாட்ஸ்பாட் கேட்கிறார். இளைஞர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கடவுச்சொல்லை எழுத்து எழுத்தாகச் சொல்கிறார். வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொல்கிறார். பக்கத்துத் தடுப்பில் இருவர் தங்கள் போனிலும் தட்டிக்கொள்கிறார்கள்.

திரையில் நான்காவது ஸ்லைடு. 'கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதீர்கள்.' எழுத்தின் அளவைக் கூட்டுகிறார்.

மயிலம். அடுத்து திண்டிவனம். இருபது பேர் இறங்க, ஐம்பது பேர் ஏறுகிறார்கள். வண்டி போய்விடுகிறது.

*

திண்டிவனத்தில் ஒரு மாடி வீடு. திண்ணையில் ஒரு பெரியவர். அதே செய்தித்தாள், இங்கே பிரிக்கப்படாமல். உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு பத்தி: 'இன்றைய மின்தடை.' மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை. கீழே ஊர்ப் பெயர்களும் தெருப் பெயர்களும் மூச்சு விடாமல் ஓடுகின்றன. தன் தெருவின் பெயரைப் பேனாவால் சுழித்து வைத்திருக்கிறார்.

"ஏம்மா, உங்க ஆபீஸ்ல கரன்ட் இருக்குமா?"

"ஜெனரேட்டர் இருக்குப்பா."

மகள் மூன்றாவது இட்லியில் இருக்கிறார். தொட்டுக்கொள்ள மல்லாட்டைச் சட்னி. மேஜைக்கு அடியில் ஒரு இன்வெர்ட்டர். அதன் மேல் ஒரு துணி, துணியின் மேல் ஒரு செடி. மோடத்தில் நான்கு பச்சை விளக்குகள் எரிகின்றன. ஒன்பது மணிக்கு அவை அணையும். அதற்குள் மடிக்கணினி, சார்ஜர், ஹெட்செட், டிபன் பாக்ஸ் எல்லாம் பைக்குள் போகின்றன. டிபன் பாக்ஸ் முதலில்.

*

மேம்பாலத்தின் கீழே. டி.என். 32 பதிவெண் போட்ட பேருந்துகள் ஒன்றன் பின் ஒன்றாக. "பாண்டி, பாண்டி, பாண்டி." ஒரு நடத்துநர் பேருந்தின் பக்கத்தில் உள்ளங்கையால் தட்டுகிறார். பின்னால் வந்த தனியார் பேருந்து ஹாரன் அடிக்கிறது. முன்னதன் நடத்துநர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். பின்னவர் இரண்டு விரலைக் காட்டுகிறார். முன்னவர் ஒரு விரலாகக் குறைக்கிறார். பின்னவர் ஹாரனை நிறுத்துகிறார்.

மகள் ஏறுகிறார். ஒரு விசிலுக்கு வண்டி நிற்கிறது. இரண்டு விசிலுக்குப் புறப்படுகிறது. ஓட்டுநர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

கிளியனூர் தாண்டும்போது போனில் அறிவிப்பு: 'உங்கள் கூட்டம் தொடங்க 30 நிமிடம்.'

*

திருச்சிற்றம்பலம் கூட்ரோடு. ஆட்டோ நிறுத்தம். ஆறு ஆட்டோக்கள் வரிசையில். முதல் ஆட்டோவுக்குச் சவாரி கிடைக்கிறது. மற்ற ஐவரும் இறங்கி, இன்ஜினைப் போடாமல், வண்டியைக் கையால் ஓரடி முன்னால் தள்ளிவிட்டு மறுபடி உட்காருகிறார்கள். வரிசையை எவரும் எழுதி வைப்பதில்லை. டீக்கடைக்குப் போனவரின் ஆட்டோவை அடுத்தவர் தள்ளிவிடுகிறார்.

நியோ டைடல் பூங்கா. வானூர் வட்டத்தின் வயல்களுக்கும் மனைப்பிரிவுப் பலகைகளுக்கும் நடுவே கண்ணாடி போட்ட கட்டடம். 31 கோடி ரூபாய், 63,000 சதுர அடி. 2024 பிப்ரவரி 17ல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். தரமணியில் டைடல் பூங்கா திறந்தது 2000ல். அங்கிருந்து இங்கே வர 24 ஆண்டுகள்.

வாசலில் ஒரு மேஜை, ஒரு நீளமான நோட்டு, நூலில் கட்டிய பேனா. பெயர், நேரம், மடிக்கணினியின் எண், கையெழுத்து. கடைசி இரண்டு கட்டங்களைக் காவலர் தானே நிரப்பத் தயாராக இருக்கிறார். எண் அவருக்கு மனப்பாடம்.

*

பெரிய கூடம். வரிசை வரிசையாக நாற்காலிகள். ஒருவர். விளக்கு அவர் தலைக்கு மேல் மட்டும் எரிகிறது.

மடிக்கணினித் திரையில் 61 பெயர்கள். முகங்கள் நான்கு. மற்றவை வட்டத்துக்குள் இரண்டு இரண்டு எழுத்துகள். சென்னை மண்டபத்தின் கேமரா பின்சுவரில் இருக்கிறது, பிடரிகள் தெரிகின்றன. இரண்டாவது வரிசையில் ஒரு நாற்காலிக் கையில் வெளுத்த நீலப்பை.

"கேக்குதா?" என்கிறார் மேடையில் ஒருவர். கீழே ஓடும் ஆங்கில எழுத்துவரி அதைக் கேக் என்று எழுதுகிறது. "கேக்குதா, கேக்குதா?" இரண்டு கேக். உரையாடல் பெட்டியில் கட்டைவிரல்கள் உயர்கின்றன. மேடைக்காரர் பெட்டியைப் பார்க்கவில்லை. நான்காவது கேக்.

முதல் அமர்வு, செய்திகள். ஸ்லைடு ஒன்று: 2003ல் வந்த ஸ்கைப், 2025 மே 5ல் மூடப்பட்டது. 2011ல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கிய விலை 850 கோடி டாலர். 2017ல் வந்த டீம்ஸ் அதன் இடத்தில் இருக்கிறது. பெட்டியில் கூப்பிய கைகள். யாரோ தவறுதலாகக் கைதட்டலும் அனுப்பிவிட்டு அழிக்கிறார்.

ஸ்லைடு இரண்டு: ஸ்லாக்கை வாங்குவதாக சேல்ஸ்ஃபோர்ஸ் 2020 டிசம்பரில் அறிவித்த தொகை, 2,770 கோடி டாலர். பேசுகிறவர் அதை ரூபாயில் மாற்றிச் சொல்ல முயன்று பாதியில் விடுகிறார்.

ஸ்லைடு மூன்று: மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் ஜோஹோவுக்கு மாறியது. அடுத்து, அதே நிறுவனத்தின் அரட்டை. 2021ல் வந்த செயலி. 2025 செப்டம்பரில் மூன்றே நாளில் தினசரிப் பதிவு 3,000லிருந்து 3,50,000 ஆனது என்று ஜோஹோவின் இணை நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு சொன்ன கணக்கு. மண்டபத்தில் முதல் கைதட்டல். ஒருவர் எழுந்து, நம் குழுவையும் அரட்டையிலேயே தொடங்கலாம் என்கிறார். ஏகமனதாக ஏற்கிறார்கள்.

குழு தொடங்குகிறது. ஆறு பேர் சேர்கிறார்கள். முதல் செய்தி: 'வணக்கம்.' இரண்டாவது: 'வணக்கம்.' மூன்றாவது: 'மத்தவங்களுக்கு லிங்க் வாட்ஸ்அப்ல போட்டிருக்கேன்.'

*

நீலப்பை இளைஞரின் முறை. நான்காவது ஸ்லைடில் நிறுத்தி நிதானமாகப் பேசுகிறார். கடவுச்சொல் என்பது பல் துலக்கும் பிரஷ் என்கிறார். மண்டபம் சிரிக்கிறது.

கேள்வி நேரம். "ஆன்லைன்ல இருக்கிறவங்க? வெளியூர்லேர்ந்து யாராவது?"

61 மைக்குகளிலும் குறுக்குக் கோடு. கூடத்தில் மகள் நிமிர்ந்து உட்காருகிறார். தலைமுடியைச் சரிசெய்கிறார். கேமரா அணைந்துதான் இருக்கிறது. மைக்கைத் திறக்கிறார்.

"சார், எங்க டீம்ல பதினாலு பேரு. ஃபைல் எல்லாம் ஷேர்பாயின்ட்ல இருக்கு. ஆனா யாராவது லீவு போட்டா போன் பண்ணித்தான் எந்த ஃபைல்னு கேக்க வேண்டியிருக்கு. அதுக்கு—"

"மேடம், நீங்க மியூட்ல இருக்கீங்க."

மைக்கை மறுபடி அழுத்துகிறார். முழுக் கேள்வியையும் மறுபடி சொல்கிறார், இம்முறை பாதியாகச் சுருக்கி. மேடையில் தலையசைக்கிறார்கள். நல்ல கேள்வி என்கிறார்கள். நேரமாகிவிட்டது, இதைச் சாப்பாட்டு வேளையில் தனியாகப் பேசலாம் என்கிறார்கள்.

*

சாப்பாட்டு வேளை. சென்னையில் கேமராவை யாரும் அணைக்கவில்லை. திரையில் காலி நாற்காலிகள். எங்கோ திறந்திருக்கும் மைக்கில் பாத்திர மூடிகளின் சத்தம், "ரைத்தா இன்னும் கொஞ்சம்" என்ற குரல், ஒரு பெரிய சிரிப்பு. பேசவேண்டியவர்கள் அங்கே பேசிக்கொண்டிருக்கிறார்கள். வார்த்தைகள் பிடிபடவில்லை. 61 பெயர்கள் 23 ஆகின்றன.

மகள் டிபன் பாக்ஸைத் திறக்கிறார். எலுமிச்சை சாதம், அப்பளம்.

காவலர் விளக்குகளைப் பார்க்க வருகிறார். திரையில் காலி நாற்காலிகளைப் பார்க்கிறார். கூடத்துக் காலி நாற்காலிகளையும் ஒருமுறை பார்க்கிறார்.

"லீவு நாள்லயும் மீட்டிங்காம்மா?"

"ஆமாண்ணே."

"எல்லாரும் வந்துட்டாங்களா?"

"சாப்பிடப் போயிருக்காங்கண்ணே."

காவலர் சட்டைப்பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைக்கிறார். அவித்த மல்லாட்டை. பாதியைக் காகிதத்தோடு கிழித்து அவர் பக்கம் தள்ளிவிட்டுப் போகிறார்.

*

மாலை. கடைசி அமர்வு, செயற்கை நுண்ணறிவு. கூட்டத்துக்கு வராதவருக்காகக் கூட்டத்தைச் சுருக்கி எழுதும் கோபைலட். மேடையிலேயே அன்றைய கூட்டத்தைச் சுருக்கிக் காட்டுகிறார்கள். பத்து வரி வருகிறது. பேசியவர்களின் பெயர்கள் சரி. 'முடிவுகள்' என்ற தலைப்பின் கீழ் வெற்றிடம். 'செய்ய வேண்டியவை' என்ற தலைப்பின் கீழ் ஒரே வரி: மைக்கைச் சரிபார்க்கவும். திண்டிவனத்துக் கேள்வி எந்த வரியிலும் இல்லை.

குழுப் புகைப்படம். மண்டபத்தில் மூன்று வரிசையாக நிற்கிறார்கள். ஆன்லைனில் இருப்பவர்கள் கேமராவைத் திறக்குமாறு கேட்கிறார்கள். ஒன்பது முகங்கள் தோன்றுகின்றன. ஒரு முகத்துக்குப் பின்னால் பூஜை அறை. ஒரு முகத்தின் முன்னால் பூனை. ஒரு முகத்துக்குப் பின்னால் வரிசை வரிசையாக நாற்காலிகள்.

*

திண்டிவனம் பேருந்து. ஜன்னலோர இருக்கை. வாட்ஸ்அப் குழு விழித்துக்கொள்கிறது. வாக்கெடுப்பு: அடுத்த கூட்டம் எங்கே? சென்னை 12. ஆன்லைன் 21.

மகள் மூன்றாவதாக ஒரு வரி சேர்க்கிறார்: திருச்சிற்றம்பலம் கூட்ரோடு. ஒரு வாக்கு. அவருடையது.

'அது சிதம்பரம் பக்கமா?'

'இல்லைங்க. திண்டிவனம்–பாண்டி ரோடு.' வரைபடப் புள்ளியை அனுப்புகிறார்.

இரண்டாவது வாக்கு. வாக்களித்தவரின் படம் பொடியாக இருக்கிறது. தோளில் நீலப்பை. கூடவே ஒரு வரி: 'ஊருக்குப் போற வழிதான்.'

இரண்டிலேயே நிற்கிறது. பேருந்து கிளியனூரைக் கடக்கிறது. நடத்துநர் சில்லறை தேடுகிறார்.

'மதியம் சாப்பாடு உண்டா?' என்று ஒருவர் கேட்கிறார். அந்தக் கேள்விக்குக் கீழே இதயங்கள் சேர்கின்றன. அன்று முழுவதும் எந்தச் செய்திக்கும் அவ்வளவு இதயம் விழவில்லை.

மகள் ஒரு கணம் விரலை நிறுத்துகிறார். பிறகு அடிக்கிறார்: 'பிரியாணி.'

7. 15. 28. ஆன்லைன் பின்தங்குகிறது. காலையிலிருந்து முகம் காட்டாத ஒருவர் முதல்முறையாக எழுதுகிறார்: 'வெஜ் தனியா இருக்குமா?'