டெல்லி டூர்... எந்த மாதத்துக்கு எந்தப் பெட்டி?

சென்னையில் ஜனவரி மாத அதிகாலையில் வெப்பநிலை ஏறத்தாழ 20 டிகிரி. 'என்னமா குளிருது!' என்று ஃபேனை அணைத்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்ளும் நேரம் அது. டெல்லியில் அதே ஜனவரியில் நண்பகல் வெயிலே கிட்டத்தட்ட அந்த 20 டிகிரிதான். இரவில் 7, 8 டிகிரிக்கு இறங்கும். குளிர் அலை வீசும் நாள்களில் 4 டிகிரிக்கும் கீழே போகும். மே மாதத்திலோ அதே ஊர் 45 டிகிரியைத் தொடும்.

நம் வீடுகளில் வருடம் முழுக்க ஒரே பீரோ, ஒரே துணிகள்தான். மழைக்குக் குடை, மார்கழிக்கு ஒரு மஃப்ளர், அவ்வளவுதான் சீஸன் ஏற்பாடு. அதனால் டெல்லி என்றதும் என்ன எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் இருப்பதையெல்லாம் பெட்டியில் திணிப்பது வழக்கமாகிவிட்டது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடும்பத்தோடு கிளம்புவது பெரும்பாலும் பள்ளி விடுமுறையில்தான். அரையாண்டு விடுமுறை வரும் டிசம்பர் கடைசியில் டெல்லியில் பனிமூட்டம். கோடை விடுமுறை வரும் மே மாதத்தில் அனல் காற்று. இரண்டுமே அந்த ஊரின் கடுமையான பருவங்கள். கூடவே தாத்தா, பாட்டியும் சின்னக் குழந்தைகளும் வருவார்கள். முதல் நாளே ஒருவருக்குக் காய்ச்சலோ மயக்கமோ வந்தால், பல மாதங்கள் சேமித்துப் போட்ட டூர் ஹோட்டல் அறையிலேயே முடிந்துவிடும். எனவே, மாதத்தைப் பார்த்துப் பெட்டியைக் கட்டுவதே புத்திசாலித்தனம்.

டிசம்பர் - ஜனவரி: ஒரு தடி ஸ்வெட்டர் போதாது

பக்கத்து வீட்டில் தடிமனான ஒரு ஸ்வெட்டரை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்புபவர்கள் அதிகம். டெல்லிக் குளிருக்கு அது பாதிதான் உதவும். காலை 7 மணிக்கு நடுக்கும் குளிர், மதியம் வெயிலில் நின்றால் வெதுவெதுப்பு, மெட்ரோ ரயில் கூட்டத்தில் புழுக்கம், மாலையில் சூரியன் மறைந்ததும் மறுபடி நடுக்கம் என ஒரே நாளில் பல மாற்றங்கள் இருக்கும்.

இதற்கு அடுக்கு அடுக்காக உடுத்துவதுதான் வழி. உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன்மேல் முழுக்கைச் சட்டை அல்லது குர்தா, அடுத்து மெல்லிய ஸ்வெட்டர், கடைசியாகக் காற்றைத் தடுக்கும் ஜாக்கெட். இந்த அடுக்குகளுக்கு நடுவே தங்கும் காற்றுதான் உடல் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. தேவைக்கேற்ப ஒவ்வொன்றாகக் கழற்றலாம், போட்டுக்கொள்ளலாம். 4 நாள் பயணத்துக்கு ஆளுக்கு 2 தெர்மல், 1 ஸ்வெட்டர், 1 ஜாக்கெட் போதும். வெளியே தெரியும் சட்டையை மட்டும் மாற்றினால் போட்டோவிலும் புதுத் துணிதான்.

புடவைதான் கட்டுவேன் என்று சொல்லும் பாட்டிக்கும் வழி உண்டு. உள்பாவாடைக்குள் தெர்மல் பேன்ட், முழுக்கை வைத்த கம்பளி பிளவுஸ், மேலே சால்வை. கட்டைவிரல் தனியாகப் பிரிந்த சாக்ஸ் வாங்கிக்கொண்டால் செருப்பும் போட்டுக்கொள்ளலாம். வேட்டி கட்டும் தாத்தாவுக்கும் உள்ளே தெர்மல் பேன்ட் கச்சிதமாக இருக்கும். காது மூடும் குல்லா, கையுறை, சாக்ஸ் ஆகியவை எல்லோருக்கும் கட்டாயம். குழந்தைகளுக்கு சாக்ஸ் மட்டும் கூடுதலாக 3 ஜோடி இருக்கட்டும்.

எல்லாவற்றையும் இங்கேயே வாங்க வேண்டியதில்லை. சரோஜினி நகர், ஜன்பத், காஷ்மீரி கேட் பக்கம் இருக்கும் மொனாஸ்டிரி மார்க்கெட் போன்ற இடங்களில் குளிர் உடைகள் பல தினுசுகளில் கிடைக்கும். பேரம் பேசியும் வாங்கலாம். சரோஜினி நகருக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஆனால், கடைக்குப் போகும் வரை தாங்க வேண்டுமே! ஆளுக்கு ஒரு செட் கையில் இருந்தே ஆக வேண்டும்.

அந்த ஒரு செட்டை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். சென்னை சென்ட்ரலில் இரவு கிளம்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், சுமார் 2,180 கி.மீ ஓடி மூன்றாம் நாள் காலையில் புதுடெல்லி போய்ச் சேரும். நாக்பூர் வரை பெரிதாக ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள் இரவு போபாலைத் தாண்டியதும் ஸ்லீப்பர் கோச்சின் ஜன்னல் இடுக்கு வழியே குளிர் ஏறத் தொடங்கும். அந்த நேரத்தில் சீட்டுக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்டிய பெட்டியைத் திறந்து ஸ்வெட்டர் தேடுவது பெரும்பாடு. குல்லா, சால்வை, ஸ்வெட்டர் மூன்றும் கைப்பையில் மேலாக இருக்க வேண்டும்.

பனிமூட்டத்தால் ரயில்களும் விமானங்களும் பல மணி நேரம் தாமதமாவது டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் சகஜம். எனவே, கூடுதலாக ஒரு நாளுக்கான மாத்திரையும் குழந்தைக்கான உணவும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

இன்னொரு சின்ன விஷயம். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். குறுகிய வாய் கொண்ட பாட்டிலில் எடுத்துப் போனால், தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. அகல வாய் டப்பாவில் எடுத்துப் போனால் விரலால் வழித்துக்கொள்ளலாம். வறண்ட காற்றில் உதடும் குதிகாலும் வெடிக்கும் என்பதால் வாஸ்லினும் மாய்ஸ்சரைசரும் அவசியம்.

பிப்ரவரி - மார்ச்: பெட்டி பாதியாகும் காலம்

டெல்லியின் வசந்தகாலம் இது. பகலில் இதமான வெயில், இரவில் லேசான குளிர். பிப்ரவரிக்கு ஒரு ஸ்வெட்டரும் ஒரு சால்வையும் போதும். மார்ச் நடுப்பகுதிக்கு மேல் அதுவும் தேவைப்படாது. முன்பு முகல் கார்டன் என்றும், 2023 முதல் அம்ரித் உத்யான் என்றும் அழைக்கப்படும் குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்படுவதும் இந்த நாள்களில்தான். ஹோலி சமயத்தில் போனால், சாயம் பட்டால் தூக்கிப்போடக்கூடிய பழைய துணி ஒரு செட் எடுத்துக்கொள்வது நல்லது.

ஏப்ரல் - ஜூன்: வியர்க்கவில்லை என்று ஏமாற வேண்டாம்

'நாங்க பார்க்காத வெயிலா?' என்று கேட்கும் சென்னைக்காரர்களையும் வேலூர்க்காரர்களையும் டெல்லி வெயில் வேறு விதமாகத் தாக்கும். 2024 மே 29 அன்று டெல்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவானது 46.8 டிகிரி. 'லூ' எனப்படும் வறண்ட அனல் காற்று வேறு வீசும். சென்னையில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை வழிந்து, 'தண்ணீர் குடி' என்று நினைவூட்டும். டெல்லியின் வறண்ட காற்றில் வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடும். உடலில் நீர் குறைவதே தெரியாது. முதியவர்களுக்குத் தாக உணர்வும் குறைவு என்பதால் ஆபத்து அவர்களுக்குத்தான் அதிகம்.

இந்த மாதங்களில் ஸ்லீவ்லெஸ் உடை சுகமாக இருக்கும் என்று நினைப்பது தவறு. வெளிர் நிறத்தில் தளர்வான, முழுக்கை வைத்த பருத்தி உடைகள்தான் அனல் காற்றிலிருந்து தோலைக் காக்கும். தலையையும் காதையும் சுற்றிக்கொள்ளப் பருத்தி துப்பட்டா அல்லது மெல்லிய துண்டு, குடை, கூலிங் கிளாஸ், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் தேவை. ஓ.ஆர்.எஸ் பாக்கெட்டுகளையும் மறக்கக் கூடாது. பாக்கெட்டில் குறிப்பிட்டுள்ள அளவு தண்ணீரில்தான் கலக்க வேண்டும். கண்ணாடி டம்ளரில் குத்துமதிப்பாகக் கலப்பது கூடாது.

இங்கேயும் சாக்ஸுக்கு வேலை உண்டு. ஜும்மா மசூதி, பங்ளா சாஹிப் குருத்வாரா, தாமரைக் கோயில் எனக் காலணியைக் கழற்ற வேண்டிய இடங்கள் டெல்லியில் அதிகம். திறந்தவெளியில் கல் தரை மே மாத மதியத்தில் கொதிக்கும். சாக்ஸுக்கு அனுமதி உள்ள இடங்களில் ஒரு ஜோடி காலைக் காப்பாற்றும். பகல் 11 முதல் 4 வரை மியூசியம் போன்ற கூரையுள்ள இடங்களுக்கு ஒதுக்கிவிட்டால், பாதிப் பிரச்னை தீர்ந்தது.

ஜூலை - செப்டம்பர்: சீக்கிரம் காயும் துணி

டெல்லியில் பருவமழை ஜூன் கடைசியில் தொடங்கும். வெப்பம் கொஞ்சம் குறைந்தாலும் புழுக்கம் நம் ஊரைப் போலவே இருக்கும். ஜீன்ஸ் நனைந்தால் இரண்டு நாள்கள் காயாது. மெல்லிய, சீக்கிரம் காயும் துணிகளே நல்லது. வழுக்காத ரப்பர் செருப்பு, மடக்குக் குடை, ஈரத்துணிக்கும் செல்போனுக்கும் தனித்தனி பிளாஸ்டிக் கவர், கொசு விரட்டி கிரீம் போதும். மழைக்குப் பிந்தைய மாதங்களில் டெங்கு பயம் உண்டு என்பதால் கொசு விரட்டியை அலட்சியப்படுத்த வேண்டாம்.

அக்டோபர் - நவம்பர்: முதல் பாதி ஜாலி, பின்பாதி மாஸ்க்

காலாண்டு விடுமுறையும் ஆயுதபூஜை விடுமுறையும் வரும் அக்டோபர்தான் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குப் பொருத்தமான மாதம். மழை ஓய்ந்திருக்கும், குளிர் தொடங்கியிருக்காது. வழக்கமான துணிகளோடு ஒரு சால்வை போதும். தேதியை மாற்றிக்கொள்ள முடிந்தவர்கள் டூரை இங்கே நகர்த்தலாம். பெட்டியும் இளைக்கும், முதியவர்களுக்கும் சிரமமில்லை.

தீபாவளியை ஒட்டி நிலைமை மாறும். வாகனப் புகை, அண்டை மாநில வயல்களில் எரிக்கப்படும் வைக்கோல், பட்டாசு எல்லாம் சேர, காற்றும் வீசாமல் நின்றுவிட்டால் புகைமூட்டம் நகரத்தின் மீது படிந்துவிடும். காற்றின் தரக் குறியீடு 400-ஐத் தாண்டினால் 'கடுமை' என்று வகைப்படுத்துவார்கள். நவம்பரில் போவோரின் பட்டியலில் என்95 மாஸ்க் முதலில் இருக்க வேண்டும். துணி மாஸ்க் நுண்துகளைத் தடுக்காது. ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டு, இன்ஹேலரைக் கைப்பையில் வைத்துக்கொண்டே கிளம்ப வேண்டும். மாலையில் குளிர் எட்டிப்பார்க்கும் என்பதால் ஒரு ஸ்வெட்டரும் தேவை.

எல்லா மாதத்துக்கும் பொதுவானவை

* மாத்திரைகளோடு டாக்டர் சீட்டும் இருக்கட்டும். பிராண்ட் மாறினாலும் மருந்தின் பெயரை வைத்து வாங்கிக்கொள்ளலாம்.

* அக்‌ஷர்தாம் கோயிலுக்குள் செல்போனுக்கும் பைக்கும் அனுமதியில்லை. தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். குருத்வாராவில் ஆண், பெண் இருபாலரும் தலையை மூட வேண்டும். ஒரு துப்பட்டா இரண்டு இடத்துக்கும் உதவும்.

* செங்கோட்டை, அக்‌ஷர்தாம், தாமரைக் கோயில் மூன்றுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. தாஜ்மஹாலுக்கு வெள்ளிக்கிழமை. துணியை எடுத்து வைக்கும்போதே எந்த நாள் எங்கே என்று எழுதிக்கொண்டால், நடக்கும் நாளுக்கு ஷூ, கோயில் நாளுக்குச் செருப்பு என்று பிரிப்பது சுலபம்.

* ரயிலில் ஸ்லீப்பர், 3-ம் வகுப்பு ஏ.சி-யில் ஆளுக்கு 40 கிலோ வரை இலவசமாக எடுத்துச் செல்லலாம். ஆனால், டெல்லி மெட்ரோவில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பையைத் தூக்கி ஸ்கேனரில் வைக்க வேண்டும். குடும்பத்துக்கு ஒரு பெரிய பெட்டி என்பதைவிட, ஆளுக்கொரு நடுத்தரப் பையே வசதி.

* விமானத்தில் போவோர் பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது.

கடைசியாக, பெட்டியை மூடும் முன் வெளியே எடுத்து வைக்க வேண்டியவையும் உண்டு. பட்டுப்புடவை, ஆளுக்கு நான்காவது ஜோடி செருப்பு, 'இருக்கட்டும்' என்று போட்ட இரண்டாவது போர்வை. இவை காலி செய்யும் இடத்தில் தாத்தாவின் குல்லாவும் குழந்தையின் கூடுதல் சாக்ஸும் தாராளமாக அடங்கும்.