சாயப் பட்டறையில் 40 விநாடி

ஓரிக்கை, மார்ச் 4

பட்டு நூலைச் சோப்புத் தண்ணீரில் காய்ச்சிப் பசை எடுத்ததும், முதல் அலசலுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும். சட்டென்று பச்சைத் தண்ணீரில் போட்டால் சோப்பும் பசையும் திரும்ப நூலிலேயே படிந்துவிடும். இங்கே ஹீட்டர் தொட்டி பின்கட்டில், அலசும் தொட்டி முன்னால். நடுவே ஒரு அங்குலக் குழாய், சுமார் ஆறரை மீட்டர்.

அலசுகிற அக்கா கையை நனைத்துப் பார்த்து, “சூடு பத்தல தம்பி” என்றார். பையன் ஹீட்டரைக் கூட்டினான். தண்ணீர் அப்படியே இருந்தது. இன்னும் கூட்டினான். கொஞ்ச நேரத்தில் கை வைக்க முடியாத சூடு. தானியங்கிக் கருவியிலும் இதே ஆட்டம்தான்: ஏறுவதும் இறங்குவதுமாக ஓயவே இல்லை.

மார்ச் 5

கருவியைக் கைமுறைக்கு மாற்றி, ஹீட்டரை ஒரேயடியாக மூன்றரை கிலோவாட் கூட்டிவிட்டு, அலசும் தொட்டி வாயில் இருக்கும் சென்சாரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 40 டிகிரி. அசைவில்லை. 40 விநாடி கழித்துத்தான் முள் நகர்ந்தது. 2 நிமிடத்தில் 42.8. 4 நிமிடம் 40 விநாடியில் 46.3. கடைசியில் 50-இல் நின்றது.

மொத்த ஏற்றத்தில் 28.3 சதவீதமும் 63.2 சதவீதமும் வந்த நேரங்களின் இடைவெளி 160 விநாடி. அதை ஒன்றரையால் பெருக்கினால் 240 விநாடி: அதுவே நேர மாறிலி, அதாவது தாமதம் போக 63.2 சதவீதம் ஏற ஆகும் நேரம். கணக்கும் ஒத்துப்போகிறது. ஹீட்டர் தொட்டி 20 லிட்டர், வரத்து நிமிடத்துக்கு 5 லிட்டர், நான்கு நிமிடம். குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் மூன்றேகால் லிட்டருக்குச் சற்று மேல். அது நகர்ந்து முடிய 40 விநாடி.

எல்லாரும் தொட்டி மந்தம் என்று குறை சொல்கிறார்கள். மந்தத்தால் கெடுதல் இல்லை. சூடு கொஞ்சம் ஏறினாலும் சென்சாருக்குத் தெரியும், கருவி அடக்கிக்கொள்ளும். குழாய்த் தாமதம் அப்படியல்ல. அந்த 40 விநாடியும் கருவி கண்ணைக் கட்டிக்கொண்டு முடுக்குகிறது. இப்படிப்பட்ட கருவியைச் சரிசெய்ய 1942-இல் சீக்லரும் நிக்கோல்ஸும் தந்த சூத்திரத்திலும் முடுக்கும் அளவு தாமதத்துக்கு எதிர்விகிதம்தான்: தாமதம் இரட்டித்தால் பாதியாகக் குறைக்கச் சொல்கிறது.

மார்ச் 6

சென்சாரைக் கழற்றி, ஹீட்டர் தொட்டியின் வெளிவாயில் பொருத்தினேன். ஆட்டம் அடங்கியது. அக்காவிடம் சூடு 40 விநாடி பிந்தித்தான் போய்ச் சேருகிறது. ஆனால் அதைப் பார்த்துக் கருவி பதறுவதில்லை. சென்சாரை நகர்த்தவே முடியாத ஆலைகளுக்குத்தான் 1957-இல் ஸ்மித் சொன்ன முன்கணிப்பு முறை. இந்தப் பட்டறைக்கு ஒரு ஸ்பானர் போதும்.

மாலையில் வரத்து பாதியாகிறது. அப்போது நேர மாறிலி எட்டு நிமிடம், குழாயில் 80 விநாடி, அதே கிலோவாட்டுக்கு இரட்டைச் சூடு. அதற்கேற்பக் கருவியின் முடுக்கத்தை மாற்ற, வரத்தை அளக்கும் ஒரு மீட்டர் வைக்கும்படி முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன்.