கரம் பலகையின் நாலாவது பக்கம்

கரம் விளையாட்டைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று வாசகர் சிலர் முகஞ் சுழிக்கக்கூடும். பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று வெளியேறிய காலத்தில் நானும் அவ்வாறுதான் எண்ணியிருப்பேன். ஆயினும் 2019ஆம் ஆண்டில் வலிகாமத்துக் கிராமம் ஒன்றிற்கு ஆசிரியனாகச் சென்ற பின்னர், நான் கற்ற நூல்கள் எனக்குச் சொல்லாத சிலவற்றை 74 சென்ரிமீற்றர் சதுரமான ஒரு பலகை சொல்லித் தந்தது. அதனை ஆசிரியரும் மாணவருமாகிய நண்பர்களோடு பகிர்ந்து கொள்வது பயனுடைத்தென நினைக்கிறேன்.

எமது பாடசாலைக் களஞ்சிய அறையில் பழைய கரம் பலகை ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. அதன் சட்டத்தில் ஒரு மூலையைக் கறையான் அரித்திருந்தது. தச்சு வேலை தெரிந்த பெற்றோர் ஒருவர் அதனைத் திருத்தித் தந்தார். மாலை வேளையில் நாலைந்து மாணவர் கூடினர். ஒரு மாதத்தில் இருபது பேராயினர். கறுப்புக் காய் 9, வெள்ளைக் காய் 9, நடுவே சிவப்பு ஒன்று; அவ்வளவுதான் ஆட்டம். ஆனால், காயைக் குழியில் வீழ்த்துவதோடு திறமை முடிந்துவிடுவதில்லை. அடுத்த அடிக்கு வசதியாகக் காய்களை நிறுத்துவதும், எதிராளியின் வழியை அடைப்பதும், சிவப்பை எடுத்த கையோடு தன் காயொன்றையும் வீழ்த்தி அதனை உறுதி செய்வதும் நிதானமும் கணிப்பும் வேண்டும் காரியங்கள். வகுப்பறையில் ‘மக்கு’ என்று ஒதுக்கப்பட்ட மாணவர் சிலர் பலகையின் முன்னே கோணங்களைக் கணித்த விதம் எம்போன்ற ஆசிரியர்களை வெட்கப்பட வைத்தது.

எல்லோரிலும் சிறந்த ஆட்டக்காரர் இருவர். ஒருவன் கோயில் வீதியைச் சேர்ந்தவன். மற்றவன் தோட்டவெளிக்கு அப்பாலிருந்து வருபவன். இரு பகுதிகளிலும் தனித்தனியே வாசிகசாலை உண்டு. இடையில் அரை மைல் தூரங்கூட இராது. இரண்டிலும் கரம் பலகை இருந்தது. இருவரும் சிறு வயது முதல் ஆடி வந்தவர்கள். எனினும், பாடசாலைக்கு வெளியே ஒரு நாளேனும் அவர்கள் எதிரெதிரே அமர்ந்ததில்லை. காரணத்தை யாழ்ப்பாணத்து வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வலய மட்டப் போட்டிக்கு இருவரையும் ஒரு சோடியாக அனுப்பத் தீர்மானித்தேன். பாடசாலை மூடிய பின்னரும் பயிற்சி வேண்டியிருந்தது. ஆகவே, ஒரு மாலை இருவரையும் கோயில் வீதி வாசிகசாலைக்கு அழைத்துச் சென்றேன். எனக்குக் கதிரை தந்தார்கள். ஒருவன் உள்ளே சென்று அமர்ந்தான். மற்றவன் படியில் கால் வைத்தபோது பொறுப்பாளர் சொன்னார்: “மாஸ்டர், பவுடர் முடிஞ்சு போச்சு. இண்டைக்கு விளையாடேலாது.” மறுநாள் சென்றோம், ஸ்ட்ரைக்கரைக் காணவில்லை என்றார்கள். மூன்றாம் நாள் பலகை சுவரோடு சாய்த்துச் சாக்கினால் மூடப்பட்டிருந்தது.

சாதியென்ற சொல் எவர் வாயிலிருந்தும் வரவில்லை. சாதியின் பெயரால் பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பது 1957ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் சட்டப்படி குற்றமாயிற்று. 1966 ஒக்ரோபர் 21ஆந் திகதி தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலமாகச் சென்றவர்கள் பொலிசாரின் அடியைத் தாங்கினர். அத்தகைய போராட்டங்களினால்தான் தேநீர்க் கடைகளும் கோயில்களும் திறந்தன. அதன் பின் ‘வராதே’ என்று வெளிப்படையாகச் சொல்வதற்கு இன்று பலருக்குத் துணிவில்லை. ஆகவே, பவுடர் முடிந்து போகிறது!

நான் என்ன செய்தேன்? “பரவாயில்லை, வேறை நாளைக்குப் பாப்பம்” என்று சொல்லித் திரும்பினேன். வழியில் அந்த மாணவன் கேட்டான்: “சேர், பவுடர் ரின் யன்னலுக்கை இருந்தது. நீங்களும் கண்டனீங்கள்தானே?”

கண்டேன். அவனுக்கு விடை சொல்ல என்னால் முடியவில்லை. சமத்துவத்தைப் பற்றி மேடைகளில் பேசியும் மாணவருக்குக் கட்டுரை எழுதுவித்தும் வந்தவன் நான். ஒரு பவுடர் ரின்னைச் சுட்டிக் காட்டும் துணிவு எனக்கில்லாமற் போயிற்று.

அவ்வார இறுதியில், சந்தியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவரிடம் இடம் கேட்டேன். அவர் மறுபேச்சின்றித் தகரப் பீப்பாய் ஒன்றைக் கவிழ்த்து, அதன் மேல் பலகையை வைத்து, மேலே மின்குமிழ் ஒன்றையுந் தொங்கவிட்டார். முதற் சனிக்கிழமை நாங்கள் மூவர்தான்: மாணவர் இருவரும் நானும். நாலாவது பக்கம் வெறுமையாயிருந்தது. சற்று நேரம் பார்த்து நின்ற கடைக்காரர், கையிலிருந்த கிறீசைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வந்தமர்ந்தார். எங்கள் கழகம் தொடங்கியது அவ்வாறுதான்.

விதிகள் மூன்று வகுத்தோம். சோடிகளைச் சீட்டுக் குலுக்கியே பிரிப்பது. காசோ சோடாவோ பந்தயம் வைக்காதிருப்பது. ஒவ்வொருவரின் புள்ளியையும் கரும்பலகையில் யாவரும் பார்க்க எழுதுவது. முதல் விதியே முக்கியமானது. தோட்டவெளிக்காரனும் கோயில் வீதிக்காரனும் ஒரே சோடியாகிவிட்டால், ஒருவன் அடிக்கும் ஒவ்வோர் அடியும் மற்றவனுக்குரியதாகிவிடும். 2020ஆம் ஆண்டின் ஊரடங்கு எங்களைக் கலைத்தது. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாடோ எங்களை வளர்த்தது. சைக்கிள்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. அவற்றைத் திருத்தக் காத்திருந்த மேசனும், சீவல் தொழிலாளியும், ஓய்வுபெற்ற தபாலதிபரும் பலகையருகே அமரத் தொடங்கினர்.

எதிர்ப்பும் வந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னை வழிமறித்து, “படிப்பிக்க வந்த மாஸ்டர், பொடியளுக்குச் சூது பழக்கிறியளோ?” என்று கேட்டார்.

இக்குற்றச்சாட்டு எமக்கு மட்டும் உரியதன்று. சாய்ந்த மேசையில் உருக்குக் குண்டு உருளும் ‘பின்போல்’ என்ற இயந்திர விளையாட்டை 1942ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரம் சூதென்று தடை செய்தது. பொலிசார் இயந்திரங்களைச் சம்மட்டியால் உடைத்தனர். தொடக்க கால இயந்திரங்களில் அதிர்ஷ்டமே மிகுந்திருந்தது என்பதும் உண்மையே. 1947இல் ஆடுபவரின் விரலுக்கு இயங்கிக் குண்டைத் திருப்பியடிக்கும் சிறு துடுப்புகள் வந்தன. அது திறமைக்குரிய ஆட்டமாயிற்று. தடையோ நீடித்தது. 1976இல் ரொஜர் ஷார்ப் என்ற பத்திரிகையாளர் நகரசபையினர் முன்னிலையில், குண்டு எவ்வழியே செல்லும் என்று முற்கூட்டிச் சொல்லி அவ்வாறே செலுத்திக் காட்டிய பின்னரே தடை நீங்கியது.

எமது பெரியவருக்கு அத்தகைய செய்கை விளக்கம் தேவைப்படவில்லை. அவரது வாசிகசாலையிலே சோடாவுக்குப் பந்தயம் வைத்து ஆடியபோது எழாத ஐயம், சந்தியில் இரு பகுதியினரும் ஒரே ஸ்ட்ரைக்கரைத் தொட்டபோதே அவருக்கு எழுந்தது.

எங்கள் சோடி வலய மட்டத்தில் வென்றது. மாகாண மட்டத்தில் முதற் சுற்றிலேயே தோற்றது. கரம் பலகை சாதியை ஒழித்துவிட்டதென்று நான் சொல்ல வரவில்லை. ஆட்டம் முடிந்ததும் அவரவர் தத்தம் பாதையிலேயே வீடு செல்கின்றனர். நிலமும் தொழிலும் திருமணமும் இருந்தபடியே இருக்கின்றன. அவற்றை மாற்றுவதற்கு வேறு போராட்டங்கள் வேண்டும். ஆனால், அப்போராட்டங்களில் சேர்ந்து நிற்க வேண்டியவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருத்தல் வேண்டாமா?

என் குருட்டுத்தனம் இன்னொன்றையுஞ் சொல்ல வேண்டும். பாடசாலையில் எல்லோரையும் வென்ற ஒன்பதாம் வகுப்பு மாணவியொருத்தி சனிக்கிழமை மாலைகளில் சந்திக்கு ஏன் வருவதில்லை என்று நான் நெடுங்காலம் கேட்கவேயில்லை. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடைபெற்ற உலகக் கிண்ணக் கரம் போட்டியில், சென்னையைச் சேர்ந்த முச்சக்கர வண்டிச் சாரதி ஒருவரின் மகளாகிய பதினேழு வயதுக் காசிமா 3 தங்கப் பதக்கங்களை வென்ற செய்தியைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. இப்போது ஞாயிறு காலைகளில் பாடசாலை மண்டபத்தில் இரண்டாவது பலகையொன்று போடுகிறோம். ஆறு மாணவியர் வருகின்றனர்.

சென்ற மாதம் கோயில் வீதி வாசிகசாலையின் இளைஞர் சிலர் வந்து, ஒரு சனிக்கிழமை ஆட்டத்தைத் தங்கள் இடத்தில் வைக்கலாமா என்று கேட்டனர். அன்று படியிலிருந்து திரும்பிய மாணவன் இன்று கட்டடத் தொழிலாளி. அவன் சொன்னான்: “வைக்கலாம் சேர். முதல்லை எங்கடை வாசிகசாலைக்கு வந்து விளையாடட்டும்.”

அவ்வாறே முடிவாயிற்று. வரும் சனிக்கிழமை தோட்டவெளிக்கு அப்பால் ஆட்டம். எத்தனை பேர் வருவர் என்று தெரியாது. பவுடர் ரின்னை நானே கொண்டு செல்கிறேன்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் பாடசாலைக் களஞ்சியத்திலும் ஒரு பலகை கிடக்கக்கூடும். அதனைத் தூசி தட்டி எடுங்கள். நாலு பக்கமும் யார் யார் அமர்கின்றனர் என்று பாருங்கள். யார் வரவில்லை என்பதைக் கேளுங்கள். நான் தாமதித்தது போல நீங்களும் தாமதிக்க வேண்டாம்.