ஜுபீன் கர்க்

நம்மில் பலருக்கு அசாமியப் பாடகர் ஜுபீன் கர்க் என்றால் 'யா அலி' மட்டும்தான். 2006-இல் வந்த 'கேங்ஸ்டர்' இந்திப் படப் பாட்டு அது. ஆனால் 1992-இலேயே 'அனாமிகா' என்ற முதல் தொகுப்போடு அவர் அசாமின் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டார்.

பாட்டும் எழுத்தும் புழங்கிய குடும்பம். அம்மா இலி பர்தாகுர் பாடகி. மகனுக்கு முதல் குருவும் அவரே. அப்பா மாஜிஸ்திரேட், கபில் தாகுர் என்ற புனைபெயரில் கவிதைகளும் பாடல்களும் எழுதியவர். இசை நடத்துநர் ஜுபின் மேத்தாவின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்தார்கள். தங்கை ஜோங்கி பாடகி, நடிகை. 2002-இல் சாலை விபத்தில் அந்தப் பெண் போய்விட்டாள். தங்கையின் நினைவாக அண்ணன் ஒரு இசைத் தொகுப்பே வெளியிட்டார். கூடப் பிறந்து கூடப் பாடியவளை இழந்தபின் மறுபடி மைக் முன்னால் நிற்க எவ்வளவு மனவலிமை வேண்டும்!

இந்தியில் அவ்வளவு பெரிய வெற்றி கிடைத்தும் அவர் மனம் அசாமிலேயே இருந்தது. அசாமின் பிஹு திருவிழா மேடைகளில் பாடினார். 'மிஷன் சைனா' போன்ற அசாமியப் படங்களை எடுத்தார், நடித்தார். அவரை நான் மதிப்பது இதற்காகத்தான்.

2025 செப்டம்பர் 19 அன்று சிங்கப்பூரில் அவர் உயிர் பிரிந்தது. தான் இறந்தால் தன்னுடைய 'மாயாபினி' பாட்டைப் பாடுங்கள் என்று முன்பே சொல்லியிருந்தார். குவாஹாட்டித் தெருக்களில் லட்சக்கணக்கானோர் திரண்டு அதையே பாடினார்கள். அக்டோபர் 31-இல் அவருடைய கடைசிப் படம் 'ரோய் ரோய் பினாலே' வெளியானது. பார்வையற்ற பாடகராக அவர் நடித்த அந்தப் படத்துக்கு விடியுமுன்பே காட்சிகள் தொடங்கின.