ரன் யார் பேர்ல?

அட்லாண்டாவில் மெட்ரோ ரயில் எங்கெங்கோ போகிறது. பேஸ்பால் மைதானத்துக்கு மட்டும் போகாது. அதனால் 2023 செப்டம்பர் 27-ம் தேதி சாயங்காலம் சித்தப்பா பையனின் காரில்தான் ட்ரூயிஸ்ட் பார்க் போனோம். அவன் முகமே சரியில்லை. ஆறு மாசம் தூக்கம் கெட்டு இவன் முடித்த வேலைக்கு, ஆபீஸில் வேறொருத்தருக்குக் கைதட்டினார்களாம். "விடுடா" என்றேன். வேறென்ன சொல்ல?

கிரிக்கெட் மூளையோடு போய் உட்கார்ந்தேன். "அடிக்கிறவருக்குத்தானே ரன்?"

"இல்லண்ணே. ஓடி வந்து ஹோம் பிளேட்டை யார் மிதிக்கிறாரோ, அவர் பேர்லதான் ரன். அடிச்சு அவரை வரவழைச்சவருக்கு ஆர்.பி.ஐ.ன்னு தனிக் கணக்கு."

பி.காம். படித்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? டபுள் என்ட்ரி! நம்ம கிரிக்கெட்டில் எதிர்முனையிலிருந்து மூச்சு வாங்க ஓடுகிறவர் பேரில் ஒன்றுமே எழுதுவதில்லையே என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

இந்த ரன் கணக்கில் அந்த வருஷம் முதலிடம், அட்லாண்டா பிரேவ்ஸின் வெனிசுலாக்காரர் ரொனால்ட் அகூன்யா ஜூனியருக்கு. சீசன் முடிவில் 149. 'ப்பூ, நம்ம ஆளு ஒரே நாள்ல அடிப்பாரே' என்று சிரிக்காதீர்கள் சார். சீசனுக்கு 162 மேட்ச்; மேட்சுக்கு ஒரு ரன் தேறுவதே பெரும்பாடு. 2000-ல் ஜெஃப் பேக்வெல் 152 எடுத்த பிறகு இவ்வளவு யாரும் எடுத்ததில்லை. பேப் ரூத் 1921-ல் எடுத்த 177? அந்தப் பக்கம் நூறு வருஷமாக ஒருத்தரும் போகவில்லை.

பத்தாவது இன்னிங்ஸ். சிகாகோ கப்ஸ் ஒரு ரன் முன்னால். அகூன்யா அடித்தார், சக ஆட்டக்காரர் ஓடி வந்தார், சமம். ரன் அவருக்கு, ஆர்.பி.ஐ. இவருக்கு. அடுத்து, பந்து வீசும் நேரம் பார்த்து ஓடி இரண்டாவது பேஸைப் பிடித்தார். இதற்குப் பேரே திருட்டு! சீசனில் 70-வது. 40 ஹோம் ரன்னும் 70 திருட்டும் ஒரே சீசனில் அதற்கு முன் யாரும் செய்ததில்லை. மனுஷன் அந்த பேஸையே பெயர்த்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

அப்புறம் ஆஸி ஆல்பீஸ் அடிக்க, அகூன்யா பறந்து வந்து ஹோம் பிளேட்டை மிதித்தார். 6-5, ஜெயம்!

எங்கள் வரிசையே "அகூன்யா! அகூன்யா!" என்று குதித்தது. சித்தப்பா பையன் மட்டும் நாற்காலி மேல் ஏறி நின்று, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்: "ஆல்பீஸ்! ஆல்பீஸ்!"