ஸ்கூபா டேங்க் வாங்கப் போறீங்களா? முதல்ல தேதியைப் பாருங்க!

எங்கள் கோரிமேட்டில் 'சிலிண்டர்' என்றால் இரண்டே அர்த்தம்தான். ஒன்று, சமையல் கேஸ். இன்னொன்று, ஜிப்மர் மருத்துவமனையில் பார்க்கும் ஆக்சிஜன். மூன்றாவதாக ஒன்றை வாங்கப்போவதாகத் தம்பி சொன்னதும் அம்மா பதறிவிட்டார். "வீட்டுல வெச்சா வெடிச்சிடாதாடா?"

தம்பி ஸ்கூபா டைவிங் பயிற்சி முடித்தவன். லீவு நாளென்றால் புதுச்சேரி கடலுக்கு அடியில்தான் இருப்பான். வாடகை டேங்க் அலுத்துப்போய், சொந்தமாக ஒன்று வாங்க ஆசை. விசாரிக்கும் பொறுப்பு, டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கும் அக்காவான என் தலையில் விழுந்தது.

விசாரித்ததும் தெரிந்த முதல் விஷயம், அதற்குள் இருப்பது ஆக்சிஜன் அல்ல. நாம் சுவாசிக்கும் அதே காற்றைத்தான் வடிகட்டி, அழுத்தி அடைக்கிறார்கள். சுத்த ஆக்சிஜனைச் சுவாசித்துக்கொண்டு சுமார் 6 மீட்டருக்குக் கீழே போனால் வலிப்பு வரும் ஆபத்து இருக்கிறது.

பரவலாகப் பயன்படும் 'அலுமினியம் 80' டேங்க்கின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர். அதில் 2,200 லிட்டர் காற்றை அடைக்கிறார்கள். அழுத்தம் 200 பார். கார் டயரில் இருப்பதோ 2 பார் சொச்சம்தான். அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது!

மூவரும் கடைக்குப் போனோம். "பெட்டியே பிரிக்காத புதுசு" என்றார் கடைக்காரர். பளபளவென்று மஞ்சள் பெயின்ட். தம்பி மயங்கிவிட்டான். அம்மா மட்டும், "தேதி எங்கப்பா போட்டிருக்கு?" என்றார். வீட்டுக்கு வரும் கேஸ் சிலிண்டரில் ஏ, பி, சி, டி என்று காலாண்டையும் பக்கத்தில் வருடத்தையும் பார்த்து வாங்கிப் பழகியவர் அவர்.

ஸ்கூபா டேங்க்கில் அந்த விவரம், கழுத்துக்குக் கீழே தோள் பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். தயாரித்தவர், வரிசை எண், அழுத்தம், சோதித்த மாதம், வருடம் எல்லாம் அங்கேதான். நாங்கள் பார்த்த 'புது' டேங்க்கில் இருந்ததோ, ஏறக்குறைய மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி!

அதனால் என்ன என்கிறீர்களா? டேங்க்கில் தண்ணீர் நிரப்பி, கூடுதல் அழுத்தம் கொடுத்துத் தாங்குகிறதா என்று பார்ப்பதுதான் ஹைட்ரோ டெஸ்ட். பொதுவாக 5 வருடத்துக்கு ஒருமுறை செய்வார்கள். அந்தக் கணக்கு பில் தேதியிலிருந்து அல்ல, பொறித்த தேதியிலிருந்து தொடங்கும். புது டேங்க் விலை கொடுத்துவிட்டு, இரண்டே வருடத்தில் டெஸ்ட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். வாங்காமல் திரும்பினோம்.

வாங்குவதற்கு முன் வேறு என்ன பார்க்க வேண்டும்?

* நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'பெசோ' அமைப்பின் அங்கீகாரம் பெற்ற சிலிண்டரா என்று காகிதத்தோடு கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்ததற்கும் இது பொருந்தும்.

* வால்வு உங்கள் ரெகுலேட்டருக்குப் பொருந்த வேண்டும். 'யோக்', 'டின்' என்று இரண்டு வகை உண்டு. வால்வை மாற்றினால் மரை அளவு முக்கியம். முக்கால் இன்ச் மரை கொண்ட டேங்க்கில் எம்25 வால்வு ஏறிவிடும். ஆனால், காற்று நிரப்பும்போது பிய்த்துக்கொண்டு பறக்கும்.

* ஸ்டீல் டேங்க் என்றால் வால்வைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே துரு இருக்கிறதா பாருங்கள்.

* யாராவது பழைய அலுமினிய டேங்க்கை மலிவாகக் கொடுத்தால் உஷார். 6351 என்ற பழைய அலுமினியக் கலவையில் கழுத்துப் பகுதி விரிசல் விடும் பிரச்னை இருந்தது. இப்போது பயன்படுவது 6061.

* காற்று எங்கே நிரப்பப்போகிறீர்கள்? கம்ப்ரஸர் பக்கத்தில் வாகனப் புகை இருந்தால், மணமே இல்லாத கார்பன் மோனாக்ஸைடு டேங்க்குக்குள் போய்விடும். ஆழத்தில் அது உயிருக்கே ஆபத்து.

வாங்கிய பிறகு, காற்றை முழுக்கக் காலி செய்யாதீர்கள். கொஞ்சம் அழுத்தம் மிச்சமிருந்தால்தான் ஈரம் உள்ளே புகாது. வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் வைக்காதீர்கள்.

இந்த வருடத் தேதி பொறித்த டேங்க் வந்தால் சொல்லச் சொல்லியிருக்கிறான் தம்பி. அதுவரை வாடகைதான். அதிலும் இப்போது பெயின்ட்டைப் பார்ப்பதில்லை, தோளைத் திருப்பித் தேதியைப் பார்க்கிறான். சுற்றுலா வந்து ஒரே ஒருமுறை டைவிங் போகிறவர்களும் அதைப் பார்க்கலாம். அரை நிமிட வேலைதான்!