டே டிரேடிங் கற்கப் போகும் பிள்ளைகளுக்கு



வாய்ப்பாட்டுக்கும் கையெழுத்துக்கும் "பழகப் பழக வரும்" என்று சொல்லிக் கொடுத்தவன் நான். கடலூரிலும் சிதம்பரத்திலும் என்னிடம் படித்தவர்கள் சிலர், ஆன்லைன் பங்கு வியாபாரத்துக்கும் அதையே சொல்கிறார்கள். அங்கே கணக்கு வேறு.

2024 ஜூலையில் செபி வெளியிட்ட ஆய்வைப் படியுங்கள். 2022-23இல் அன்றே வாங்கி அன்றே விற்ற தனிநபர்களில் பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம். ஆண்டுக்கு 500 தடவைக்கு மேல் செய்தவர்களிலோ 80 சதவீதம் பேருக்கு! பயிற்சி கூடக் கூட மார்க் குறையும் பாடத்தை என் சர்வீஸில் பார்த்ததில்லை. 30 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் 76 சதவீதம்.

ஏன்? லாபமோ நஷ்டமோ, ஒவ்வொரு தடவையும் புரோக்கர் கட்டணமும் வரியும் போகும். தோற்றவர்கள் 100 ரூபாய் இழந்ததோடு, செலவாக மேலும் 57 ரூபாய் கட்டியிருக்கிறார்கள். ஆப்ஷன்ஸ் பக்கம் இன்னும் மோசம்.

சிதம்பரத்துப் பையன் ஒருவன், அப்பா ரிடையர் ஆன பணத்தில் தொடங்கலாமா சார் என்று கேட்டான். கூடவே கூடாது என்றேன். கோபித்துக்கொண்டான், பரவாயில்லை.

ஆசை விடாதவர்கள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இரண்டு மாதம், 9.15 முதல் 3.30 வரை, வாங்குவதையும் விற்பதையும் காகிதத்திலேயே எழுதுங்கள். எங்கே வெட்டி வெளியே வருவது என்ற ஸ்டாப் லாஸை வாங்கும் முன்பே எழுதவேண்டும், பிறகு அழித்தெழுதக் கூடாது. கட்டணத்தையும் கழியுங்கள். காசு வாங்கிக்கொண்டு வகுப்பு எடுப்பவரிடம், அவருடைய சென்ற வருட லாப நஷ்டக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

நோட்டைக் கடலூருக்குக் கொண்டு வந்தால் நானே திருத்தித் தருகிறேன். சிவப்பு மை இன்னும் இருக்கிறது.